ஓடு ஒட்டாத முட்டை

கோழிமுட்டையை நீரில் வேகவைத்து ஓட்டை உரிப்பது சமையலில் முதற்பாடம் என்று கருதப்படுகிறது. அடுப்பு மூட்டத் தெரிந்த எவரும் இதனைச் செய்துவிடலாம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆயினும் அனுபவம் வேறுவிதமாக இருக்கிறது. ஒருநாள் ஓடு சட்டையைக் கழற்றுவதுபோல் கழன்று, வழவழப்பான முழு முட்டை கைக்கு வருகிறது. மற்றொரு நாள் ஓட்டின் ஒவ்வொரு சில்லும் வெண்கருவைப் பிய்த்துக்கொண்டு வருகிறது; எஞ்சுவது அம்மைத் தழும்பேறிய முகம் போன்ற ஓர் உருண்டை. பாத்திரமும் அதே பாத்திரம். அடுப்பும் அதே அடுப்பு. கையும் அதே கை. அங்ஙனமாயின் இவ்வேறுபாடு எதனால் உண்டாகிறது? பூதிகோட்டையில் நாம் கண்ட ஒரு சிறு நிகழ்ச்சியிலிருந்து இதற்கு விடை காண முயல்வோம்.

பூதிகோட்டை, கர்நாடக மாநிலத்துக் கோலார் மாவட்டத்தில், பங்காருப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். மைசூரை ஆண்ட ஐதர் அலி பிறந்த ஊர் என்று வரலாறு இதனைக் குறிப்பிடுகிறது. பூதி என்பது சாம்பல். எனவே சாம்பற்கோட்டை என்று ஊர்ப்பெயருக்குப் பொருள் கூறுவர். அருகிலுள்ள கோலார் தங்கவயலைப் பற்றித் தமிழர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கியது முதல், வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தமிழர் சென்று குடியேறினர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின்னரும் அம்மக்களிற் பலர் அவ்வட்டாரத்தை விட்டு நீங்கவில்லை. பொழுது புலருமுன் எழுந்து, சோற்றுப்பாத்திரத்துடன் இரயிலேறி, பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் வீடு திரும்புவோர் இன்றும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர்.

இத்தகைய குடும்பம் ஒன்றைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் பூதிகோட்டைப் பக்கத்திலுள்ள பள்ளியொன்றில் மதிய உணவு சமைப்பவர். பிள்ளைகள் அவரை அக்கா என்றே அழைப்பர். அவருடைய தந்தையார் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். கணவர் பெங்களூருக்கு நாள்தோறும் சென்றுவருபவர். முட்டை வழங்கும் நாட்களில் பிள்ளைகளுக்கு எண்பது முட்டை வேகவைத்து உரித்துக் கொடுப்பது அம்மையாரின் பொறுப்பு. வழக்கமாகக் கடையிலிருந்து அட்டைத்தட்டுகளில் வரும் முட்டைகள் அவருக்குத் தொல்லை கொடுத்ததில்லை. ஒருமுறை கடைச்சரக்கு வந்து சேரவில்லை. பிள்ளைகள் ஏமாறக் கூடாதே என்று அவர் முதல்நாள் மாலையும் அன்று காலையும் வீடுவீடாகச் சென்று நாட்டுக்கோழி முட்டைகளைச் சேர்த்தார். கோழி இட்ட சூடு ஆறாத முட்டைகளும் அவற்றுள் இருந்தன. இவ்வளவு புதிய முட்டை பிள்ளைகளுக்கு என்றைக்குக் கிடைக்கும் என்று மகிழ்ந்து அவற்றை வேகவைத்தார்.

உரிக்கத் தொடங்கியதும் அம்மகிழ்ச்சி மறைந்தது. ஓடு விடவே இல்லை. நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தபோது வெண்கருவில் பாதி ஓட்டோடு போயிற்று. சில முட்டைகளில் மஞ்சட்கரு வெளியே தெரிந்தது. மணி அடித்துப் பிள்ளைகள் தட்டுடன் வரிசையில் வந்து அமர்ந்தபின்னும் முப்பது முட்டை உரிபடாமல் இருந்தது. கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுமி தன் தட்டில் விழுந்ததைப் பார்த்து, “அக்கா, எனக்கு மட்டும் ஏன் அரை முட்டை?” என்று கேட்டாளாம். அக்கேள்வி அம்மையாரின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. உப்புப் போட மறந்திருப்பாய் என்றார் ஒருவர். உனக்குப் பக்குவம் தப்பிவிட்டது என்றார் மற்றொருவர். நாம் அங்குச் சென்றிருந்தபோது இதனை அவர் வருத்தத்துடன் எடுத்துரைத்தார். குற்றம் அவர் கையில் இல்லை. முட்டையின் புதுமையில்தான் இருந்தது என்பதே நாம் அவருக்குக் கூறிய விடை. அவ்விடையை இங்கே சற்று விரித்துரைப்போம்.

முதலில் முட்டையின் அமைப்பைக் காண்போம். வெளியே இருப்பது சுண்ணாம்புச் சத்தாலான ஓடு. அது கண்ணுக்குக் கெட்டியாகத் தோன்றினும், உண்மையில் ஆயிரக்கணக்கான நுண்துளைகளை உடையது. அத்துளைகளின் வழியாகத்தான் கருவிலுள்ள குஞ்சு மூச்சுவிடுகிறது. ஓட்டின் உட்புறத்தில் ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு மெல்லிய சவ்வுகள் உள்ளன. அவற்றுள் வெளிச்சவ்வு ஓட்டைப் பற்றியிருக்கிறது. உட்சவ்வு வெண்கருவைத் தழுவியிருக்கிறது. கோழியின் உடல் வெப்பத்தோடு வெளிவரும் முட்டை ஆறும்போது உள்ளே இருப்பது சற்றுச் சுருங்குகிறது. அப்போது அகன்ற முனையில் இவ்விரு சவ்வுகளும் பிரிந்து, நடுவே ஒரு சிறு காற்றறை அமைகிறது. அவித்த முட்டையின் ஒருபுறத்தில் நாம் காணும் குழி இக்காற்றறையின் அடையாளமே. இதனை நினைவில் வைத்துக்கொள்க. உரிக்கும்போது இது நமக்குப் பெரிதும் உதவும்.

இனி, முட்டை ஏன் ஒட்டுகிறது என்பதற்கு வருவோம். புதிதாக இட்ட முட்டையின் வெண்கருவில் கரியமிலவாயு கரைந்து நிற்கிறது. புது முட்டையை உடைத்தால் வெண்கரு சற்றுக் கலங்கலாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம். நாட்கள் செல்லச் செல்ல அவ்வாயு ஓட்டின் துளைகள் வழியாகச் சிறிது சிறிதாக வெளியேறிவிடுகிறது. அது வெளியேற வெளியேற வெண்கருவின் காரத்தன்மை மிகுகிறது. காரம் என்று இங்கே நாம் கூறுவது மிளகாயின் உறைப்பையன்று. அமிலத்துக்கு எதிரான இரசாயனத் தன்மையையே குறிக்கிறோம். சுண்ணாம்புநீரும் சாம்பலைக் கரைத்த நீரும் அத்தன்மை உடையவை. இதனை அளப்பதற்கு அறிவியலார் பி.எச். என்னும் எண்ணைப் பயன்படுத்துகின்றனர். தூய நீரின் எண் 7. இட்டவுடன் முட்டையின் வெண்கரு 7.6 என்னும் அளவில் நிற்கிறது. சில நாட்களில் அது 9ஐ எட்டி, அதனையும் தாண்டிவிடுகிறது.

இந்தச் சிறு மாறுதலே பெரிய வேற்றுமையை விளைவிக்கிறது. காரத்தன்மை குறைவாக இருக்கும்போது முட்டையை வேகவைத்தால், இறுகும் வெண்கருவின் புரதம் உட்சவ்வோடு இறுகப் பிணைந்துவிடுகிறது. காரத்தன்மை 8.7 என்னும் அளவைக் கடந்துவிட்டாலோ அப்பிணைப்பு தளர்ந்து, புரதம் தன்னோடு தானே சேர்ந்து இறுகுகிறது. அப்போது ஓடும் சவ்வும் ஒருபுறம், வெண்கரு மறுபுறம் என்று தாமே பிரிந்துகொள்கின்றன. 1959ஆம் ஆண்டிலேயே சுவான்சன் என்னும் ஆய்வாளர், புது முட்டைகளும் ஓட்டின்மேல் எண்ணெய் பூசப்பட்ட முட்டைகளும் உரிபடாமை குறித்து ஆராய்ந்து எழுதியுள்ளார். எண்ணெய் பூசினால் துளைகள் அடைபட்டு, வாயு உள்ளேயே தங்கிவிடுகிறது. நாட்பட்ட பின்னும் அம்முட்டை ஒருவகையில் புது முட்டையாகவே இருக்கிறது. ஆதலால் ஓடு ஒட்டுகிறது. கெடாதிருக்கும் பொருட்டு முட்டைக்கு எண்ணெய் தடவிவைக்கும் வழக்கம் உள்ள வீட்டார் இதனைக் கவனத்திற் கொள்ளவேண்டும்.

எனவே, பூதிகோட்டை அம்மையார் செய்த பிழை என்று ஒன்று இருக்குமாயின், அது மிக நல்ல முட்டையைத் தேடிச் சென்றதே. கடையிலிருந்து வந்த முட்டையோ பண்ணையிலும் வழியிலும் கடையிலுமாகச் சில நாட்கள் கழித்தே அவர் கைக்கு வந்தது. அந்நாட்களில் வாயு வெளியேறி, அது உரிப்பதற்கு ஏற்ற பதத்தை அடைந்துவிட்டது. தமிழகத்து நாமக்கல்லிலிருந்து தொலைவூர்களுக்குச் செல்லும் முட்டைகளுக்கும் இது பொருந்தும். பொரிப்பதற்கும், உடைத்து ஊற்றி வேகவைப்பதற்கும் புது முட்டையே சிறந்தது. அதன் வெண்கரு பரவாமல் திரண்டு நிற்கும். ஓட்டோடு அவித்து உரிப்பதற்கு மட்டும் சற்று நாட்பட்டதே சிறந்தது.

எத்தனை நாள் வைத்திருக்கவேண்டும் என்று கேட்கலாம். குளிர்ப்பெட்டியில் வைப்பதாயின் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும். வெளியே, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைப்பதாயின் மூன்று நான்கு நாட்களில் வேண்டிய மாறுதல் நிகழ்ந்துவிடும். வெப்பம் மிகுந்தால் வாயு விரைவில் வெளியேறுவதே காரணம். ஆனால் வெப்பம் முட்டையை விரைவில் கெடுக்கவும் செய்யும். ஆகவே நாகபுரி, டில்லி போன்ற ஊர்களில் கோடையைக் கழிக்கும் நம்மவர் வெளியே வைத்து நாட்களை நீட்டிக்கலாகாது. முட்டை எத்தனை நாளானது என்று தெரியாவிட்டால் ஒரு பாத்திரத்தில் குளிர்ந்த நீர் நிரப்பி அதில் இட்டுப் பார்க்கலாம். அடியில் படுத்துக் கிடப்பது மிகப் புதியது. அடியைத் தொட்டபடி அகன்ற முனையைச் சற்று மேலே தூக்கி நிற்பது நாட்பட்டது. அவித்து உரிக்க அதுவே ஏற்றது. நீரின்மேல் மிதப்பது மிகப் பழையது. அதனை விலக்கிவிடுவதே நன்று. நாளாக ஆக உள்ளீரம் குறைந்து காற்றறை பெருப்பதனால் இவ்வேறுபாடு தோன்றுகிறது.

முட்டையின் வயது முதற்காரணம் என்றால், அதனை நீரில் இடும் முறை இரண்டாவது காரணம். நம் இல்லங்களில் பெரும்பாலும் முட்டையைக் குளிர்ந்த நீரில் இட்டு, பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுகிறோம். ஓடு வெடிக்காது என்பதே இதற்குக் கூறும் காரணம். ஆனால் நீர் மெல்ல மெல்லச் சூடேறும்போது வெண்கருவும் மெல்ல மெல்ல இறுகுகிறது; அந்நேரமெல்லாம் அது சவ்வோடு ஒட்டிக்கொள்ள வாய்ப்புப் பெறுகிறது. மாறாக, நன்கு கொதிக்கும் நீரில் முட்டையை இட்டால், சவ்வை அடுத்துள்ள வெண்கரு சட்டென்று இறுகித் தன்னுள் சுருங்குகிறது. ஆதலால் அது சவ்வை விட்டு எளிதில் பிரிகிறது. புது முட்டையைத்தான் அவிக்க வேண்டியிருக்கிறது என்ற நிலையில் இம்முறையே பெரிதும் கைகொடுக்கும்.

வெடிப்பைத் தவிர்க்க வழியுண்டு. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த முட்டையை அரைமணி நேரம் வெளியே வைத்திருந்து, பின்னர் கரண்டியில் ஏந்தி மெல்ல நீருக்குள் இறக்கவேண்டும்; மேலிருந்து போடலாகாது. எல்லா முட்டைகளும் மூழ்கி, அவற்றின்மேல் இரண்டு விரற்கடை நீர் நிற்கவேண்டும். மீண்டும் கொதி வந்ததும் தணலைக் குறைத்து, நீர் தளதளவென்று துள்ளாமல் மெல்லக் கொதிக்குமாறு வைக்கவேண்டும். துள்ளும் நீரில் முட்டைகள் ஒன்றோடொன்று மோதி உடையும்.

இதனினும் எளிய வழி ஒன்று நம் அடுக்களையிலேயே இருக்கிறது. அதுதான் இட்லிப் பானை. அடியில் நீர் நன்கு கொதித்து ஆவி எழும்பிய பின், தட்டின்மேல் முட்டைகளை அடுக்கி மூடிவிடலாம். ஆவியின் சூடு உடனே எல்லா முட்டைகளையும் ஒரே சீராகத் தாக்குகிறது. முட்டைகள் அசைவதில்லையாதலால் உடைவதும் குறைவு. பள்ளிக்கூடம் போன்ற இடங்களுக்கு இதில் மற்றொரு நன்மையும் உண்டு. எண்பது முட்டையை ஒரே அண்டாவில் கொட்டினால், கொதித்துக்கொண்டிருந்த நீர் திடீரென்று ஆறிப்போகிறது. அது மீண்டும் கொதிப்பதற்குள் முட்டைகள் குளிர்நீரில் இட்டவைபோல் மெல்லச் சூடேறுகின்றன. ஆவியில் வேகவைப்பதாயின் இத்தொல்லை குறைகிறது. அண்டாவில்தான் அவிக்கவேண்டும் என்றால், இருபது இருபதாகப் பிரித்து, நீரை மிகுதியாக வைத்து, ஒவ்வொரு முறையும் நன்கு கொதித்தபின் இடுவதே முறை.

எவ்வளவு நேரம் வேகவேண்டும் என்பது இருக்கும் ஊரைப் பொறுத்தது. வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் இதனைச் சிறப்பாக அறிந்துகொள்ளவேண்டும். கடல்மட்டத்தில் உள்ள சென்னையிலும் மும்பையிலும் நீர் 100 பாகையில் கொதிக்கிறது. உயரம் செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைவதால் கொதிநிலையும் இறங்குகிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு பாகை என்று கொள்ளலாம். கோலார் தங்கவயல் வட்டாரமும் பெங்களூரும் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே நீர் 97 பாகையளவில் கொதித்துவிடுகிறது. உதகையிலும் சிம்லாவிலும் அது 93 பாகையை ஒட்டியிருக்கும். 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரத்தில் 88 பாகையிலேயே நீர் கொதித்து ஆவியாகிறது. அடுப்பை எவ்வளவு மூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்குமேல் சூடேறாது.

முட்டையின் வெண்கரு 62 பாகையளவில் கெட்டிப்படத் தொடங்கி, 80 பாகையைக் கடந்தபின் நன்கு இறுகுகிறது. மஞ்சட்கரு 65க்கும் 70க்கும் இடையில் கெட்டியாகிறது. கோலார் சுரங்கத்தின் மிக ஆழமான பகுதிகளில் பாறையின் வெப்பமே 65 பாகையளவுக்கு உயர்ந்திருந்தது என்பதை இங்கு நினைவுகூரலாம். முட்டையின் வெண்கருவைத் திரளச் செய்யும் அச்சூட்டினிடையே, குளிர்ந்த காற்றை உள்ளே செலுத்தித்தான் நம் முன்னோர் வேலை செய்ய வேண்டியிருந்தது. எனவே 97 பாகையோ 93 பாகையோ முட்டை வேகப் போதாத சூடு அன்று. காலம் மட்டுமே சற்றுக் கூடுகிறது. கொதிநீரில் இட்டபின் கடல்மட்டத்தில் 10 அல்லது 11 நிமிடம் போதுமாயின், கோலாரிலும் பெங்களூரிலும் 12 நிமிடம் வைக்கலாம்; சிம்லாவில் மேலும் இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். லே போன்ற இடங்களில் அழுத்தச் சமையற்கலத்தைப் பயன்படுத்துவதே விறகுக்கும் நேரத்துக்கும் சிக்கனம்.

முட்டை வெந்தவுடன் அதனைச் சுடுநீரிலேயே கிடக்க விடுவது மூன்றாவது தவறு. அடுப்பிலிருந்து இறக்கியதும் சுடுநீரை வடித்துவிட்டுக் குளிர்ந்த நீரை ஊற்றவேண்டும். அந்நீர் சிறிது நேரத்தில் சூடேறிவிடும். அதனையும் வடித்துவிட்டு மறுபடியும் குளிர்ந்த நீர் ஊற்றி, பத்து நிமிடமேனும் ஊறவைக்கவேண்டும். பனிக்கட்டி கிடைத்தால் நன்று. கிடைக்காவிட்டால் மண்பானைத் தண்ணீரும் கிணற்று நீருமே போதும். இவ்வாறு குளிர்விப்பதால் உள்ளிருப்பது சுருங்கி ஓட்டைவிட்டு விலகுகிறது. வேகுதலும் அத்துடன் நின்றுவிடுகிறது. நீண்ட நேரம் வெந்த முட்டையில் மஞ்சட்கருவைச் சுற்றிப் பச்சை கலந்த கருவளையம் ஒன்று தோன்றுவதைப் பலர் கண்டிருப்பர். முட்டை கெட்டுவிட்டது என்று சிலர் அதனை எறிந்தும்விடுவர். வெண்கருவிலுள்ள கந்தகமும் மஞ்சட்கருவிலுள்ள இரும்பும் மிகுந்த சூட்டில் கூடுவதால் உண்டாகும் நிறமே அது, தீங்கற்றது. எனினும் நேரம் தவறாமல் இறக்கிக் குளிர்வித்தால் அது தோன்றுவதே இல்லை.

இனி உரிக்கும் முறை. முதலில் முட்டையின் அகன்ற முனையைக் கல்லிலோ மேசையிலோ மெல்லத் தட்டவேண்டும். அங்கேதான் காற்றறை இருக்கிறது என்பதை முன்னரே கண்டோம். ஆதலால் அங்கே ஓடு உடைந்தால் வெண்கரு சேதமடையாது. பிறகு முட்டையைப் பலகையின்மேல் உள்ளங்கையால் மெல்ல உருட்டினால் ஓடு முழுவதும் வலைபோல் விரிசலிடும். காற்றறைப் பக்கமிருந்து தொடங்கி, ஓட்டை மட்டும் பெயர்க்காமல் அதனடியிலுள்ள சவ்வையும் சேர்த்து விரலால் பிடித்து இழுக்கவேண்டும். சவ்வு கைக்குள் வந்துவிட்டால் ஓடு தானே தொடர்ந்து வரும். உரிக்கும் வேலையை நீர் நிறைந்த பாத்திரத்துக்குள்ளேயே செய்வது மேலும் நன்று. நீர் சவ்வுக்கும் வெண்கருவுக்கும் இடையே புகுந்து பிரித்துக்கொடுக்கும். பொடிந்த சில்லுகளும் அதிலேயே கழுவப்பட்டுவிடும்.

இது தொடர்பாக மக்களிடையே வழங்கும் சில நம்பிக்கைகளையும் ஆராய்வோம். நீரில் உப்பிட்டால் ஓடு எளிதாகக் கழலும் என்பது ஒன்று. ஓர் அள்ளு உப்பு உரிப்பதற்குச் செய்யும் உதவி மிகச் சிறிது. ஆனால் ஓடு விரிசல் கண்டால், வெளியே கசியும் வெண்கரு உப்புநீரில் விரைந்து இறுகி விரிசலை அடைத்துக்கொள்ளும். அந்த நன்மைக்காக இடலாம். சமையற்சோடாவை நீரில் இடுவது மற்றொன்று. சோடா காரப்பொருள் என்பது உண்மையே. எனினும் வேகும் அந்தச் சில நிமிடங்களில் அது ஓட்டைக் கடந்து உள்ளே செல்வது அரிது. நாட்களின் வேலையை நிமிடங்களில் செய்ய அதனால் இயலாது. முட்டைக்குள் காரம் உண்மையாகவே புகவேண்டுமாயின் எவ்வளவு காலம் ஆகும் என்பதற்குச் சீனர்களின் பதப்படுத்திய முட்டையே சான்று. சாம்பல், சுண்ணாம்பு, உப்பு ஆகியவற்றைக் குழைத்து ஓட்டின்மேல் பூசி அவர்கள் வாரக்கணக்கில் வைத்திருப்பர். சாம்பலின் பெயர் தாங்கிய ஊரில் நாம் பெற்ற கேள்விக்குச் சாம்பலும் ஒருவகையில் விடை கூறுகிறது அன்றோ!

ஓர் முட்டை உரிபடுவதும் உரிபடாததும் இவ்வளவு ஆராய்ச்சிக்குரியதா என்று சிலர் நகைக்கலாம். வீட்டில் இருவர் உண்ணும் வேளையில் அது சிறு செய்தியே. பொதுச் சமையலறையில் அவ்வாறன்று. தமிழகத்தில் 1956ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு விரிவாகத் தொடங்கப்பெற்றது. 1982ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 1989ஆம் ஆண்டில் கருணாநிதி ஆட்சியில் அதில் முட்டை சேர்ந்தது. கர்நாடகத்தில் 2021ஆம் ஆண்டின் இறுதியில் சில மாவட்டங்களில் தொடங்கிய முட்டை வழங்கல், அடுத்த கல்வியாண்டில் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழமோ கடலைமிட்டாயோ கொடுத்தனர். 2024ஆம் ஆண்டில் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளையின் துணையோடு வாரத்தில் ஆறு நாள் முட்டை வழங்கவும் ஏற்பாடாயிற்று. இத்தனை முட்டைகளையும் ஒவ்வொன்றாக உரிக்கும் விரல்கள் சமையற்கூடத்துப் பெண்களின் விரல்களே.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. அதில் பாதிக்கு மேற்பட்டது வெண்கருவிலேயே இருக்கிறது. ஓட்டோடு வெண்கருவில் நாலில் ஒரு பங்கு போய்விட்டால், பிள்ளைக்குச் சேரவேண்டிய புரதத்தில் ஒரு கிராமளவு குப்பைக்குச் செல்கிறது. எண்பது பிள்ளைகள் என்றால் பன்னிரண்டு பதின்மூன்று முட்டைகளின் புரதம் வீணாகிறது. வீட்டில் வேறு புரத உணவு அரிதாகக் கிடைக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு கிராமும் பெரிதே. இதனினும் பெரிது, தனக்கு மட்டும் குறைந்துவிட்டது என்று தட்டைப் பார்க்கும் பிள்ளையின் ஏக்கம்.

இரயிலில் செல்வோருக்கும் ஒரு சொல். அதிகாலையில் அவித்த முட்டையை உரித்துச் சோற்றுப்பாத்திரத்தில் வைத்தனுப்புவது வழக்கம். உரித்த முட்டை காற்றும் கையும் பட்டு விரைவில் கெடும். நன்கு குளிர்வித்து, ஈரம் துடைத்து, ஓட்டோடு எடுத்துச் சென்று, உண்ணும்போது உரித்துக்கொள்வதே நலம். ஓடு இருப்பினும் அவித்த முட்டை பச்சை முட்டையைப்போல் நாட்கணக்கில் நிற்காது. கோடையில் வெளியே வைத்ததை ஒரு மணி நேரத்திற்குள் உண்டுவிடுவது பாதுகாப்பு. அதற்குமேல் தாமதமாகும் என்று தெரிந்தால் முட்டையை எடுத்துச் செல்லாதிருப்பதே நன்று. குளிர்ப்பெட்டியில் ஓட்டோடு வைத்தால் ஒரு வாரம் வரை தாங்கும்.

பூதிகோட்டை அம்மையார் இப்போது என்ன செய்கிறார் என்று கேட்பீர்கள். ஊரில் சேர்க்கும் நாட்டு முட்டைகளின் ஓட்டில் கரித்துண்டால் கிழமையைக் குறித்து வைக்கிறார். திங்களன்று வந்தது வெள்ளிக்கு முன் அடுப்பேறுவதில்லை. பெரிய இட்லிப் பானையில் ஆவி எழும்பிய பின்னரே முட்டைகளை அடுக்குகிறார். இறக்கியவுடன் கிணற்று நீரை இருமுறை மாற்றி ஊற்றுகிறார். அரைமணி நேரத்தில் உரித்து முடித்துவிடுவதாகவும், மணி அடிக்கும்போது தாம் தயாராக இருப்பதாகவும் எமக்குச் சொல்லியனுப்பினார். அன்று அரை முட்டை என்று கேட்ட சிறுமிக்கு இப்போது முழு முட்டை கிடைக்கிறது.

புது ஊரில் குடியேறி, புது அடுப்பின் முன் நின்று, பழகிய சமையல் ஏன் தவறுகிறது என்று திகைக்கும் நம்மவர் பலர். கைப்பக்குவம் போய்விட்டது என்று அவர்கள் வருந்த வேண்டுவதில்லை. ஊரின் உயரத்தையும் பொருளின் வயதையும் சூட்டின் வேகத்தையும் அறிந்துகொண்டால் பழைய பக்குவம் தானே கைக்குத் திரும்பிவரும். முட்டை சில நாள் காத்திருக்கட்டும். நீர் முன்னரே கொதிக்கட்டும். வெந்தது உடனே குளிரட்டும். இம்மூன்றையும் கைக்கொண்டால் ஓடு தன் போக்கில் கழலும். பிள்ளையின் தட்டில் முட்டை முழுதாக வந்து சேரும்.